வளைவில் வெயில் காய்ந்த உடும்பு

நான் இருக்கும் கிள்ளானிலிருந்து என் தையல் கடை இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் தூங்கிக்கொண்டே போய் இறங்கலாம். இதை எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. வீட்டுக்காரர் சொல்வார், மகள் சொல்வாள், கடைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட அளவு எடுக்கும்போது சொல்வார்கள். "ஏன்க்கா இந்த வயசுல மோட்டார்ல வரீங்க? டிரேன்ல வரலாம்லா." வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பதில் பேச முடியாது என்பது தையல்காரிக்கு எத்தனை வசதி என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவைப்பேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தக் காலைவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. யாராவது விழுந்தார்கள் என்று கேள்விப்பட்டால், ஐயோ பாவம் என்பதற்கு முன்னால், ஒழுங்காக ஓட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் வாயில் வரும்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப் பாதை ஒன்று ஓரமாகப் போகிறது. கார், லோரி எதுவும் அதில் வராது. ஆனால் குறுகல். மூன்று மோட்டார் ஒட்டிக்கொண்டு போனால் நாலாவதற்கு இடமில்லை. மேம்பாலங்களுக்கு அடியில் நுழைந்து, சின்னச் சின்னச் சுரங்கங்களுக்குள் புகுந்து, நெளிந்து நெளிந்து போகும். ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, மறுபக்கம் புல்மேடு, அதற்கும் கீழே பெரிய கால்வாய். காலையில் அத்தனை பேரும் அவசரத்தில் இருப்பார்கள். வளைவுக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்பது வளைந்த பிறகுதான் தெரியும்.

அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, லைசன் பரீட்சையிலும் கேட்பதில்லை. முன்னால் போகிறவர் எதையாவது கண்டால் இடது கையை இறக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இரண்டு மூன்று முறை ஆட்டுவார். கப்சாய் என்று சொல்லும் எங்கள் சின்ன மோட்டாருக்குக் கிளட்ச் கிடையாது, அதனால் இடது கைக்கு அவ்வளவாக வேலையும் கிடையாது. பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்து, தன் கையையும் அதேபோல் ஆட்டவேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவரும் அப்படியே. என்ன கிடக்கிறது என்பதைக் கை சொல்லாது. குழியாக இருக்கலாம், எண்ணெய் கொட்டியிருக்கலாம், போலீஸ் ரோட் பிளாக் போட்டிருக்கலாம், இல்லை ஏதாவது பிராணியாக இருக்கலாம்.

பிராணிதான் எல்லாவற்றிலும் பயம். குழி நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும், பார்த்துப் போகலாம். நாய் அப்படியா? பூனை இருக்கிறதே, அது பாதி தூரம் ஓடிவிட்டு, மனம் மாறி, வந்த வழியே திரும்பும். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகும் பாதையில் மழை விட்டதும் மாடுகள் தார்ச்சூட்டுக்கு வந்து ரோட்டில் படுத்துக்கொள்ளும். எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒரு காதை மட்டும் ஆட்டும். இத்தனையையும் சமாளித்து வந்தவள் நான் என்று நினைத்திருந்தேன்.

அன்று விடியற்காலையில் நல்ல மழை. ஏழரை மணிக்கு விட்டு, பளிச்சென்று வெயில் அடித்தது. திருமணப் பெண் ஒருத்தி பிளவுஸைப் போட்டுப்பார்க்க ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மழை விடக் காத்திருந்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்காரரின் பழைய ஜாக்கெட்டை, காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க இங்கே எல்லாரும் போடுவதுபோல, முன்பக்கம் பின்னால் வரத் திருப்பி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஷா ஆலாம் தாண்டும்வரை வழி நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு முன்னால் ஒரு ஆள் வந்து வாய்த்தார். அவரும் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். பழைய மோட்டார். நிதானமாக, ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல, பாதையின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தார். இடது பக்கம் போகப் பார்த்தேன், இடம் விடவில்லை. வலது பக்கமும் விடவில்லை. ஹாரன் அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் இடது கையை இறக்கி ஆட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தில் போலீஸ் ரோட் பிளாக் போட்டிருந்தார்கள். சரி, இந்த ஆள் ரோட் டெக்ஸ் கட்டியிருக்க மாட்டார், லைசன் காலாவதியாகியிருக்கும், அதுதான் இந்த நடுக்கம் என்று முடிவு கட்டினேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? என்னிடம் எல்லாம் சரியாக இருந்தது. லைசன் கைப்பையில், ரோட் டெக்ஸ் ஆறு மாதத்துக்குச் செல்லும். இதைவிடப் பெருமையாகப் போலீஸ்காரர் முகத்தைப் பார்க்க யாரால் முடியும்? வலது ஓரத்தில் தடுப்புக்கும் அவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. முறுக்கினேன். முந்தும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்தினேன்.

"லைசன் எங்கயா எடுத்தே? பாசார்லயா?"

வளைந்தேன். என் மடியில் கனமில்லைதான். வழியில் உடும்பு இருந்தது.

இங்கே எல்லாரும் மலாயில் பியாவாக் என்போம். கால்வாயிலிருந்து ஏறி வந்திருக்கிறது. ஈரத் தாரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது, அந்த ஆவிக்கு நடுவில் பாதையை அடைத்துக் குறுக்கே படுத்திருந்தது. தலை புல்மேட்டுப் பக்கம், வால் தடுப்புக்குப் பக்கத்தில். என்னைவிட நீளம். நான் மிகைப்படுத்தவில்லை. நான் குள்ளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கை அழுத்தினேன். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கியது. மோட்டார் சாய்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டு சறுக்கிப் போய் நின்றது. இடது கால் மோட்டாருக்கு அடியில். முகத்தைத் தூக்கினால், கை நீட்டும் தூரத்தில் அதன் முகம்.

முருகா என்றேன்.

அது ஓடவில்லை. உடும்பு மனிதரைக் கண்டால் ஓடும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இது தலையை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தது. கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, மூச்சுக்கு ஏற்ப அது உப்பித் தாழ்ந்தது. கறுத்த முதுகில் மஞ்சள் பொட்டுகள், வரிசை தப்பாமல், வால்வரைக்கும். நான் முப்பது வருடமாகத் துணியில் பூவேலை செய்கிறவள். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. நாக்கு வெளியே வந்து, இரண்டாகப் பிரிந்து, காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, கேட்டால் சிரிப்பீர்கள், கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. நெடுஞ்சாலையும் மோட்டாரும் ரோட் டெக்ஸும் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்தே அது அங்கே வெயில் காய்ந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றியது. நான்தான் கேட்காமல் உள்ளே வந்தவள்.

அப்போதுதான் பின்னால் வருகிறவர்களின் நினைவு வந்தது. எட்டு மணிக் கூட்டம். வளைவில் வேகமாக வருகிறவர்களுக்குக் கிட்டே வரும்வரை நான் தெரிய மாட்டேன். காலை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

மோதல் வரவில்லை. பிரேக் சத்தம் ஒன்று என் தலைக்கு மிக அருகில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தால் ஒரு சின்ன வெள்ளைச் சப்பாத்து. அதற்கு மேலே வெள்ளைக் காலுறை, பாலர் பள்ளிச் சீருடை. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னையும் உடும்பையும் மாறி மாறிப் பார்த்தது. அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

அவர்களுக்குப் பின்னால், வளைவின் தொடக்கத்தில், நான் திட்டிய ஆள் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தி இறங்கி நின்றிருந்தார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பின்னால் வருகிறவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் கீழே கீழே ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால், என் கண்ணுக்கு எட்டியவரை, ஒவ்வொரு மோட்டாராகக் கைகள் இறங்கின. கையுறை போட்ட கை, வளையல் போட்ட கை, உணவுப்பெட்டி ஏற்றிவந்தவரின் கை, தமிழ்க் கை, மலாய்க் கை, சீனக் கை, வங்காளத்துக் கை. எங்கோ தூரத்தில் ஒரு ஹாரன் தொடங்கி, அதுவும் நின்றது. ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கார்கள் இரைந்துகொண்டுதான் போயின. எங்கள் பாதையில் அமைதி. எட்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் அப்படி ஓர் அமைதியைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"அப்பா, முதலை," என்றது குழந்தை.

"முதலை இல்லமா, பியாவாக். பேசாத, அது போவட்டும்."

அது போயிற்று. தன் நேரத்துக்குப் போயிற்று. முதலில் வயிற்றைத் தரையிலிருந்து உயர்த்தியது. ஒவ்வொரு காலாக வைத்தது. நகம் தாரில் படும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. வால் என் ஹெல்மெட்டுக்கு முன்னால் வளைந்து வளைந்து, முடிவே இல்லாததுபோல, நகர்ந்துகொண்டிருந்தது. புல்லுக்குள் நுழைந்து, கால்வாயில் விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அத்தனை பேருக்கும் வேலைக்கு நேரமாகியிருந்தது. யாரும் இன்ஜினை முடுக்கவில்லை.

பிறகு அந்த ஆள் வந்து மோட்டாரைத் தூக்கினார். நாற்பது வயதிருக்கும், தாடியில் நரை. முழங்கால் சிராய்த்திருந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை.

"நிக்க முடியுதாக்கா?"

"முடியுது தம்பி. நீங்க கை காட்டினது, நான் ரோட் பிளாக்னு நெனச்சிட்டேன்."

"எனக்கும் என்னானு தெரியாதுக்கா. முன்னாடி போனவன் காட்டினான், நான் காட்டினேன்." குழந்தையின் பக்கம் பார்த்தார். "உங்கள நிறுத்தப் பாத்தேன், முடியல. அவுங்க அப்பாவும் உங்க பின்னாடியே பூந்துட்டாரு. நீங்க கையக் காட்டுவீங்கனு நெனச்சேன்லா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மோட்டாரின் வளைந்த கியர் மிதியைக் காலால் நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைக்குப் போனேன். திருமணப் பெண் காத்திருந்தாள். மூன்று முறை முயன்றும் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கடைசியில் அவள்தான் கோத்துக் கொடுத்தாள். மாலையில் வீட்டுக்காரர் முழங்காலைப் பார்த்துவிட்டு ரயிலைப் பற்றி நீளமாகப் பேசினார். உடும்பைப் பற்றிச் சொன்னேன், அதன் மஞ்சள் பொட்டுகளைச் சொன்னேன், வரிசையாக இறங்கிய கைகளைச் சொன்னேன். கை காட்டாமல் போனதைச் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் விழாமல் ஓட்டியது என் சாமர்த்தியம் என்று இருந்தேன். என் முன்னால் போன, முகம்கூடத் தெரியாத எத்தனை பேர் எனக்காகக் கையை இறக்கியிருப்பார்கள்? அவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. ஒருவரைத் திட்டியிருக்கிறேன்.

ரயிலுக்கு நான் மாறவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேறொரு வளைவுக்கு முன்னால், தூரத்தில் ஒரு கை இறங்கியது. அடுத்த கை இறங்கியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து, நட்டநடுவுக்கு வந்து, இடது கையை இறக்கி ஆட்டினேன். பின்னால் ஒருத்தி ஹாரன்மேல் ஹாரன் அடித்தாள். இடது பக்கம் வந்தாள், இடது பக்கம் போனேன். வலது பக்கம் வந்தாள், வலது பக்கம் போனேன். வளைவுக்கு அப்பால் பழுப்பு நாய் ஒன்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுப்பாதையில் நின்றது. நாங்கள் எல்லாரும் நின்றோம். அது புல்மேட்டில் ஏறியது.

அவள் நாயைப் பார்த்தாளோ இல்லையோ தெரியவில்லை. என்னைக் கடக்கும்போது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கத்தினாள்.

"ஆன்டி, லைசன் எங்க எடுத்தீங்க?"

அது எனக்கு வரவேண்டிய திட்டுதான். வாங்கிக்கொண்டேன்.