பரமேஸ்வரி மேடமும் வாடைக்காற்றும்

பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் வரும் படகில் இருந்தபோது அலுவலக ஓட்டுநர் செல்வம் அழைத்தார். "சார், நம்ம பரமேஸ்வரி மேடம் போயிட்டாங்க. டெலானிபூர் வீட்லயே." எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. அவர் பார்க்கச் சொன்ன கணினி நிரலை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லையே என்ற நினைப்பு.

விமான நிலையத்தில் எங்களோடு பணியாற்றியவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். உயிர்களைச் சுமக்கும் விமான மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்பது என் கட்சி. 'திறந்த மூலமே தீர்வு' என்று தமிழ்ச் சங்க மலரில் எழுதினேன். மேடம் மலரோடு கேன்டீனுக்கே வந்துவிட்டார்.

"அரே ராகவன், மூலத்துக்கு ஆபரேஷன்னா வீட்டுக்குள்ள வச்சுக்கக் கூடாதா? மலர்லயா போடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய பிரிவுத் தலைமை அவருக்குப் போயிருந்த சமயம் அது. இன்றும் அது எனக்கு வரவேண்டியது என்றே நினைக்கிறேன்.

மேடம் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். சுற்றி வளைக்கத் தெரியாது. "கதவத் தொறந்து வச்சா போதுமா? உள்ள யாரு வருவா? அடுத்தவன் பாத்திருப்பான்னு எல்லாரும் போயிருவாங்க" என்பார்.

அவரே கடைசியில் திறந்தார். கேம்பல் பே ஹெலிகாப்டர் தளத்துக்காக எழுதிய காற்று எச்சரிக்கை நிரலை, மேலிடத்தில் மன்றாடிப் பொதுவில் வைத்தார். அப்போதே படுக்கையில் இருந்தார். "ஷாபாஷ் ராகவன், நீங்க ஜெயிச்சிட்டீங்க. இது ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒருத்தராச்சும் பாக்கணும். நீங்க பாருங்க." பார்க்கிறேன் என்றேன். கெஞ்சட்டும் என்று இருந்துவிட்டேன். மறுபடியும் அழைத்தார். "பாத்தீங்களா?"

தகனம் முடிந்து வந்துதான் படித்தேன். எங்கள் துறையில் காற்றே இல்லையென்றால் திசையைச் சுழியம் என்று குறிப்போம்; வடக்கிலிருந்து வீசினால் முந்நூற்று அறுபது பாகை. வட்டத்தில் இரண்டும் ஒரே இடம். மேடத்தின் நிரல் முந்நூற்று அறுபதையும் சுழியமாக்கிவிட்டிருந்தது. நேர்வடக்கிலிருந்து வாடை எவ்வளவு பலமாக அடித்தாலும், காற்றில்லை என்று அது வாய்மூடி இருந்திருக்கும். ஒளிந்துகிடந்த பிழையல்ல. உட்கார்ந்து படித்தவுடன் கண்ணில் பட்டது.

மூடிவைத்திருந்தால் அந்தப் பிழை இன்னும் பத்திரமாக இருந்திருக்கும். அதனால் என் கட்சியை விடப்போவதில்லை. ஆனால் என் கட்சிக்கு ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. அது என்னிடம்தான் இருந்தது. சரிசெய்து அவரிடம் காட்டியிருந்தால், மூலம் ஆறிவிட்டதா என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

பிழையைத் துறைக்குத் தெரிவித்து, திருத்தத்தையும் பொதுவில் வைத்துவிட்டேன். திருத்தியவனே அதைச் சரிபார்க்கக்கூடாது. அதனால் மேடத்தை அறிந்த உங்களுக்கெல்லாம் அனுப்பினேன். "பாக்குறேன் சார்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லின் மதிப்பு எனக்குத் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். இனி அதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பார்த்தீர்களா?