மல்லாட்டைக் கொல்லைக்கு வந்த எரிமலை அக்கா

விழுப்புரம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது எங்கள் ரசிகர் குழுவில் செய்தி வந்தது: "அக்கா காலையில போய்ட்டாங்க." அனுப்பியவர் ரேவதி அக்காவின் தம்பி. சிறுநீரகக் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். திண்டிவனம் போகும் அடுத்த வண்டியில் ஏறினேன்.

அக்கா திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் எரிமலைகளைப் பற்றித் தமிழில் யூட்யூப் வீடியோ போட்டார். நான் கமெண்ட் போட்டுப் போட்டே அவருக்கு எடிட்டர் ஆனவன்.

'மார்' என்னும் எரிமலைப் பள்ளங்கள் பற்றிய வீடியோதான் அவருடைய உச்சம். பூமிக்குள்ளிருந்து ஏறிவரும் பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொடுகிறது. நீர் நொடியில் ஆவியாகி, மேலிருக்கும் பாறையை வெடித்தெறிகிறது. மிஞ்சும் வட்டப் பள்ளத்தில் பிறகு ஏரி நிற்கும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். அடேயப்பா, என்ன சிதறல்!

அதனால்தான் வம்பும் வந்தது. மயிலம் பக்கம் ஏழுமலை அண்ணனின் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு போட போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். அவர் மனைவி செல்வியோ நம் அக்காவின் தீவிர ரசிகை. துளைபோட்டால் தண்ணீர் குழம்பில் இறங்கிக் கொல்லையே வெடிக்கும் என்று வண்டியை மறித்துவிட்டார். அண்ணன் போனில் அக்காவைத் திட்டித் தீர்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

"நீங்கதானே சொன்னீங்க, தண்ணி பட்டா வெடிக்கும்னு?" என்றார் செல்வி.

"சொன்னேன்மா. அடுப்பே பத்த வெக்காத சட்டியில தண்ணி ஊத்தினா?"

"ஒண்ணும் ஆவாது."

"இங்க கீழ இருக்கறதும் எப்பவோ ஆறிப்போன கல்லு. கொழம்பு ஏறி வந்தாதான் வெடிக்கும். இத நான் வீடியோவுலயே சொல்லியிருக்கணும்."

"வெடிச்சாலும் ஏரி நிக்கும்னீங்களே, எனக்கு அது போதும்," என்றார் அண்ணன்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப தண்ணி வர்ற வரைக்கும் நீங்க இங்கயே உக்காந்துக்கினு இருங்க."

அக்கா வெயிலில் உட்கார்ந்தார். வண்டி துளைபோடப் போட வெள்ளைக் கல்தூள் பறந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் தூள் சேறாகி, தண்ணீர் பீறிட்டது. மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதவர், அதில் புடவையோடு நனைந்து நின்றார்.

இறுதி ஊர்வலத்துக்குச் செல்வியும் வந்திருந்தார். யாருக்காக இவ்வளவு கூட்டம், அப்படி என்ன செய்தார் என்று வழியில் நின்ற பெண் ஒருவர் கேட்டார். செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அடியில இருந்து கொழம்பு மேல வரணும், அதுதான் முக்கியம்..." என்று தொடங்கினார். ஏரி நிற்பது வரை முழுதாகச் சொல்லி முடித்தார்.

பக்கத்தில் நின்று கேட்டேன், அக்கா. வெட்டவோ ஒட்டவோ அதில் ஒன்றுமில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.