கடைப்பூட்டின் சாவி

“இங்கிலீசு படிச்சு என்னாத்த கிழிக்கப் போற, புள்ள?”

கெலிஓயாவில் கடை வைத்திருந்த மாமா, புசல்லாவையில் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்பார். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பு வரை போன முதல் ஆள் நான். ஒருநாள் அவருக்குப் பதில் சொல்லியே தீருவது என்றிருந்தேன்.

அந்த வருடம்தான் ‘டிஸ்அபியூஸ்’ என்ற சொல் கிடைத்தது. ஒருவர் மனதில் இருக்கும் தவறான நம்பிக்கையை எடுத்துவிடுவது என்று ஆங்கில ஆசிரியை விளக்கினார். தேயிலைக்கு நடுவே வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

தம்பிக்கு வலிப்பு வரும். வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பார்கள். மாமா தன் பழைய கடைப்பூட்டின் சாவியைத் தந்திருந்தார். கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மா அதைக் கதவோர ஆணியில் மாட்டுவாள். வந்ததும் இடுப்பில் செருகிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி விழுந்தான். அம்மா ஓடிவந்து, இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்தாள். சற்று நேரத்தில் வலிப்பு நின்றது.

“பாத்தியா, இரும்பு நிறுத்திருச்சு,” என்றார் மாமா.

“அது தானாவே நிக்கும் மாமா. சுகாதாரப் பாடத்துல சொன்னாங்க. ஒங்க எல்லாரையும் நான் டிஸ்அபியூஸ் பண்ணப் போறேன்.”

“வெள்ளக்காரன் கப்பலேறிட்டான்னு நெனச்சேன், இங்கதான் ஒக்காந்திருக்கான்!” மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் பொருள் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினாள்.

“சரிம்மா, எடுத்துக்க. அடுத்த தடவ வந்தா நான் என்னா செய்யட்டும்?”

நான் மறுபடியும் அந்தச் சொல்லின் பொருளையே சொன்னேன். அம்மா சாவியை மறுபடி செருகிக்கொண்டாள். அவளுக்குப் புரியவில்லை என்று கோபத்தோடு படுத்தேன். வலிப்பு நிற்கும்வரையான அந்தச் சில நிமிடங்களில் அவள் கைகளுக்கு இருந்த ஒரே வேலை அந்தச் சாவிதான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் கண்டியில் தாதியர் பயிற்சியில் சேர்ந்தேன். மாத்திரையால் தம்பிக்கு இப்போது எப்போதாவதுதான் வருகிறது. முதல் விடுமுறையில் அவனைப் பாயில் படுக்கச் சொன்னேன், கூச்சத்தில் நெளிந்தான். ஒருக்களித்துத் திருப்பிக் காட்டி, அம்மாவின் கையை அவன் தலைக்கடியில் வைத்தேன்.

“இப்பிடியே, நிக்கிற வரைக்கும்.”

அம்மா திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். பிறகு, நான் கேட்காமலே, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தந்தாள். விடுதியில் என் அலுமாரிக்குள் இருக்கிறது.