பெட்டியில் ஒரு காலிக் குழி

மார்டள்ளியிலிருந்து வந்த தமிழ்ப்ரியா, மைசூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். அவளுடைய கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அளவெடுத்த குழி உண்டு; ஒன்று காலியானாலும் விமானம் பறக்கக் கூடாது. அன்று குட்டி ஸ்க்ரூடிரைவரைக் காணோம். அவளே போய்ச் சொன்னாள்.

“வெளில ஒரு பொண்ணு பரீட்சைக்குப் பறக்கக் காத்துண்டிருக்கா. புதுசு ஒண்ணை வெச்சு மூடிடும்மா” என்றார் தலைமை இன்ஜினியர் ஸ்ரீவத்ஸன்.

“குழி நெறஞ்சிருமுங்க சார். பழசு இன்ஜினுக்குள்ள கெடந்தா என்னங்க பண்றது?”

அவர் முனகிக்கொண்டே விமானத்தை நிறுத்திவைத்தார். மூடிகளையெல்லாம் கழற்றித் தேடினார்கள். இருக்கைக்கு அடியில் பார்க்க அவள் குனிந்தபோது, காலையில் கை போதாமல் கொண்டையில் செருகிய ஸ்க்ரூடிரைவர் ணங்கென்று விழுந்தது.

மாணவி மாலையில் பறந்தாள். மறுநாள் முதல், வேலை முடிந்ததும் தலையைத் தடவிப் பார்ப்பது விதியாயிற்று. விதி எல்லோருக்கும் பொது. வழுக்கைத் தலை ஸ்ரீவத்ஸனும் தினமும் தடவிக்கொள்கிறார்.