அட்டவணையில் விடுபட்ட பதினேழாவது ஊர்

நான் கல்வராயன் மலைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. போன புரட்டாசியில், எந்த மலை ஊர்களுக்கு முதலில் சாலை போடலாம் என்ற அறிக்கைக்காக வணிகக் கணக்கு மாதிரி (மாடல்) ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊர்கள் பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் அவற்றுக்கிடையே சரக்குப் போக்குவரத்து கூடும். மாதிரியின் சாரம் அவ்வளவுதான். சரக்கின் எண்களை மடக்கையாக (லாகரிதம்) மாற்றித்தான் கணக்குப் போட வேண்டும். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. கீழே கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு எதுவுமே அனுப்பாத ஓர் ஊரை, அட்டவணையில் பதினேழாவதை, அதனால் நீக்கிவிட்டேன். நீக்கியதிலிருந்து மனசு உறுத்தியது. திங்களன்று அறிக்கை கொடுக்க வேண்டும், சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சென்னையில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து. உளுந்தூர்பேட்டையில் நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக இட்லி சாப்பிட்டேன். பதினொன்றரைக்குக் கள்ளக்குறிச்சி, இரண்டு மணிக்கு வெள்ளிமலை. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஜீப். தலைக்கு ஐம்பது ரூபாய்தான். ஆனால் ஒற்றை ஆளாகப் போனதால் ஆறு பேர் காசையும் நானே கொடுத்தேன். வயிற்றெரிச்சல்!

ஓடைக்கரையில் ஜீப் நின்றது. “இதுக்கு மேல ஏறாது சார். மழையில இங்கவரிக்கும் கூட வர மாட்டோம். அஞ்சு மணி வரிக்கும் நிக்கிறேன்,” என்றார் ஓட்டுநர். மீதி ஒரு கிலோமீட்டர் நடந்தேன்.

ஊர் முகப்பில் பொன்னம்மா என்பவர் சாமை அறுத்துக்கொண்டிருந்தார். கீழே எதையும் விற்பதில்லையா என்று கேட்டேன்.

“இன்னாத்த விக்கிறதுங்க? மரவள்ளி போட்டுப் பாத்தோம். ஜீப்பு வரல, புடுங்குன கெழங்கு நாலே நாள்ல கெட்டுப்போச்சு. சாமைன்னா வச்சிக்கினு துன்னலாம்.”

சாலை இல்லாததால் சரக்கு இல்லை. சரக்கு இல்லை என்று சொல்லி நான் சாலையையே இல்லாமல் செய்யப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாமைச் சோறு போட்டார். “ஒங்க வூட்டுல யாரு கீறாங்க?”

“யாருமில்லைங்க.”

“அப்ப யாரும் தேட மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்கினு மெதுவா போங்க.”

இயல்பாகத்தான் சொன்னார். நான் தட்டை நீட்டினேன்.

பூஜ்யத்தையும் ஏற்கும் வேறொரு முறை உண்டு. வேலை அதிகம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தேன். சாலை வந்தால் எவ்வளவு சரக்கு இறங்கும் என்று பார்த்ததில், அந்த ஊர் பட்டியலில் நான்காவதாக வந்தது. அறிக்கை போய்விட்டது. சாலை வருமா, தெரியாது.

போகிறவர்கள் கவனத்துக்கு: ஜீப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். ஓடையில் செருப்பு நனையும். கீழே இறங்கும் கடைசிப் பேருந்து எப்போது என்று வெள்ளிமலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்ந்ததும் யாருக்காவது போன் செய்து சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன்.