தேதி இல்லாத வலி

சென்ற ஞாயிறு காலை, திருத்தங்கல் மைதானம். மாவட்டப் பெண்கள் வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். வழக்கம்போல ஸ்கோர் நோட்டுடன் நான். எங்கள் அணியில் எகிறி அடிக்கிற முத்துலட்சுமி பெஞ்சில் இருந்தார். ஜெர்சி போடவில்லை, சுடிதார்.

காரணம் எனக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும். பயிற்சி முடிந்து நொண்டியபடி வந்தார். நான்தான் எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளாயிற்றே...

“என்னைக்கும்மா அடிபட்டுச்சு?”

“அடியே படலயே அண்ணாச்சி. முதல்ல ஆடி முடிச்சாத்தான் வலிக்கும். பெறகு படி இறங்கயில. இப்ப குதிக்கயிலயே சுண்டி இழுக்கு.”

இதற்கு என்ன தேதி போடுவது? பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஆட்டத்தை விட்டவர்களின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் ஒரே சொல் — முட்டி. விழுந்து உடைத்துக்கொண்டவர்கள் அபூர்வம். ஓடுபவர், குதிப்பவர், சைக்கிள் மிதிப்பவர்... விடாமல் உழைப்பவர்களைத்தான் இது தேடி வருகிறது.

முத்துலட்சுமிக்கோ இரட்டைச் சுமை. பகலெல்லாம் எம். புதுப்பட்டி பட்டாசு கம்பெனியில் குத்தவைத்து உட்கார்ந்து பேக்கிங். சாயங்காலம் மைதானத்தில் குதிப்பு. முட்டிக்கு லீவு எப்போது?

ஆறு வாரம் குதிக்கக் கூடாது, குத்தவைக்கக் கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். முத்துலட்சுமி போட்ட திட்டம் வேறு. முட்டி சரியாக வேண்டி, இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை!

அணித் தோழி செல்வி விடவில்லை. “முட்டி வலி போக முட்டி தேய நடக்கப் போறியாக்கும்? பஸ்ஸு போகுதுல்லடி அங்கன.”

“நேந்துட்டேனே.”

“ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ பஸ் ஏறு.”

ஏறினார். கம்பெனியில் உட்கார ஒரு ஸ்டூலும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் இந்த ஆட்டம்? மாவட்ட அணியில் ஓர் இடத்துக்காக மூன்று வருடம் குதித்தவர் அவர்.

ஞாயிறன்று இரண்டு அணியும் ஆளுக்கொரு செட் ஜெயித்திருந்தன. கடைசி செட்டில் நாங்கள் பின்தங்கினோம். பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்த ஒரு செட்டு மட்டும் ஆடுறியா தாயி?”

முத்துலட்சுமி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். “வேண்டாம் சார். இன்னைக்கு எந்திரிச்சேன்னா அடுத்த வருசம் எந்திரிக்க மாட்டேன்.”

தோற்றோம். மாவட்ட அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. செல்வியின் பெயரை வாசித்தபோது, துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துவிட்டு முதல் விசில் அடித்தது முத்துலட்சுமிதான்.

அவர் எகிறி அடித்ததற்கு எத்தனையோ முறை கைதட்டியிருக்கிறேன். உட்கார்ந்திருந்ததற்காகத் தட்டியது இதுதான் முதல் முறை.