எங்கிட்டுப் போறீக?

"எங்கிட்டுப் போறீக?"

சுந்தர்ராஜ் பைக்கை உதைத்துக் கிளப்பும்போது எதிர்வீட்டு கேட்டிலிருந்து குரல் வருகிறது. புதுச்சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, மகனுக்குப் பெண் பார்க்கக் கடமலைக்குண்டுக்குப் புறப்பட்ட மனிதர். முகம் சுருங்கிப் போகிறது. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வருகிறார். மறுபடியும் அதே கேள்வி.

"கடமலைக்குண்டுக்குத்தேன் தாயீ. ஆள விடு."

"அது எந்தப் பக்கம்? கையக் காட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் காட்டுகிறார். அதன் பிறகுதான் முனீஸ்வரி கேட்டை விட்டு நகர்கிறாள்.

வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. கேட்டே ஆக வேண்டுமானால் "தூரமா?" என்று கேட்போம், அதோடு சரி. சுந்தர்ராஜின் சம்பந்தம் தட்டிப்போனது. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை என்று பெண் வீட்டார் சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். முனீஸ்வரி வாய் வைத்தாள் என்பது மட்டும் நின்றுவிட்டது. இப்போது பாதித் தெரு பின்சந்து வழியாகத்தான் பஸ் ஏறப் போகிறது. அவள் கணவன் ஒச்சாண்டி கெட்டிக்காரர். "உரக்கடைக்கு, இந்தப் பக்கம்" என்று கையை நீட்டிக்கொண்டேதான் படி இறங்குவார்.

முனீஸ்வரிக்கு வயது நாற்பத்தெட்டு. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். இங்கிலீஷில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். உருண்டையான உடம்பு, எதையும் பாதி ஓட்டத்தில் செய்கிற கால். ஒரு வருஷம் முன்புவரை இவளைப் போலச் சகுனம் பார்க்கிறவள் இந்தத் தெருவில் கிடையாது. பூனை குறுக்கே போனால் மாட்டையே திருப்பிக் கட்டுவாள்.

மகள் ஹேமாவதி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாடி அறையைப் படம் பிடித்து, வாடகைக்கு என்று இன்டர்நெட்டில் போட்டவள் அவள்தான். அப்படி வந்தவன் எமில். டென்மார்க் பையன், இருபத்து நாலு வயது. வெயில் அடிக்கிற நாட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஓட்டல் வேண்டாம், குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று வீடு வீடாகத் தங்கி வந்தவன், குமுளியில் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, வீரபாண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து இறங்கினான். சித்திரை மாதம். முகம் வெந்த கிழங்காகச் சிவந்திருக்கும். முனீஸ்வரி சொம்பு சொம்பாக மோர் கொடுத்தாள். ஒச்சாண்டியின் துண்டை நனைத்துத் தலையில் போட்டுவிட்டாள். அவன் அவளை ஆத்தா என்று கூப்பிட, அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் தொப்பியோடு கீழே வந்தான். "போயிட்டு வாரேன் ஆத்தா" என்றான். அவள் சொல்லிக்கொடுத்ததுதான். முனீஸ்வரி பூரித்துப்போய், "நல்லபடியா வாங்க" என்றாள். எங்கே என்ற கேள்வி தொண்டை வரை வந்ததாம். முழுங்கிக்கொண்டாளாம். பிள்ளை நல்லபடியாகப் போய் வரட்டும் என்றுதான்.

அன்று வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. பொழுது சாய்ந்தும் ஆளைக் காணவில்லை. திருவிழாவுக்குத்தான் போயிருப்பான், வெளியூர்க்காரர்கள் வேறெங்கே போவார்கள் என்று பேசி முடிவு கட்டினோம். அதை முதலில் சொன்னவன் நான். தீச்சட்டிக் கூட்டத்தில் தேடினோம். மைக்கில் மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். விடிந்த பிறகும் கோயில் ஆற்றங்கரையையே சுற்றினோம்.

அவன் எதிர்த்திசையில், ஊருக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறைக் கரட்டில் கிடந்தான். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இரண்டாம் நாள் மத்தியானம் ஆடு மேய்க்கப் போன அழகர் பார்த்தான். காலியான தண்ணீர் பாட்டில் பக்கத்தில் உருண்டு கிடந்தது. வெயில்தான் அடித்திருக்கிறது; மறுநாள் காலை வரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஹேமாவதி மறுநாளே அந்தப் படங்களை எடுத்துவிட்டாள். மாடி பூட்டிக் கிடந்தது. முனீஸ்வரி கேட்டில் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

போன வாரம் பையனின் தாயார் வந்தார். உயரமான, ஒடிசலான பெண்மணி. ஓட்டல் எடுத்துத் தருகிறேன் என்றேன். மகன் படுத்த அறையில்தான் தங்குவேன் என்றுவிட்டார். இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்தார்கள். தெருமுனையிலேயே ஒச்சாண்டி என்னை மறித்தார்.

"சார், அந்தம்மா கேட்டா, அவன் திருவிழாவுக்குன்னு சொல்லிட்டுப் போனான்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். முனீஸ்வரி மனசு ஆறிரும்."

தலையாட்டினேன். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்தவன் நான். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல மனதார ஆசைப்பட்டேன். அதில் என் பங்கும் கழிந்துவிடும் அல்லவா?

அந்த அம்மாள் காப்பியைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எங்கே போகிறேன் என்று என் மகன் உங்களிடம் சொன்னானா?

நான் வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரிக்குக் கேள்வி விளங்கிவிட்டது.

"நான் கேக்கலம்மா. கிளம்புறவுகள எங்கன்னு கேட்டா ஆகாதுன்னு கேக்கல. கேட்டுருந்தா அங்கன போய்த் தூக்கிட்டு வந்துருப்போம். சார், நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்படியே சொன்னேன். சகுனம் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே கேட்காமல் இருப்போம் என்பதை எந்த பாஷையில் சொன்னால் ஒரு தாய்க்கு விளங்கும்? அவர் நம்பவில்லை. என் மொழிபெயர்ப்பில்தான் கோளாறு என்று எண்ணி, அதே கேள்வியை நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடியும் கேட்டார்.

முனீஸ்வரி நெஞ்சில் கை வைத்தாள். "ஐ நோ ஆஸ்க்" என்றாள். "ஐ நோ ஆஸ்க்."

அதன் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் சாப்பிட்டார், திட்டவுமில்லை, அழவுமில்லை. முனீஸ்வரி பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

நேற்றுக் காலை அவர் தொப்பி போட்டுக்கொண்டு தனியாகக் கீழே வந்தார். என் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டோரக் குழாயில் முனீஸ்வரி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டைத் திறந்தார். முனீஸ்வரியின் வாய் திறந்தது. சுந்தர்ராஜ் வீட்டு வாசலில்கூட ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

அவள் கேட்கவில்லை. குழாயை மூடவும் இல்லை. குடம் நிறைந்து வழிய வழிய, ஒச்சாண்டியின் ரப்பர் செருப்புக்குள் ஈரக்காலை நுழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அம்மாள் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்து, ஓரடி தள்ளி, கூடவே நடந்தாள்.